அசையாத தொண்ணூற்று நான்கு



இணையம் மந்தமாக வருகிறதென்று குறைபடாத இல்லம் இன்று அரிது. ஆனால் குறை எங்கே இருக்கிறதென்று தேடிப் பார்ப்பவர் அதனினும் அரியர். நானும் தேடாதவர் கூட்டத்தில் ஒருவனாகவே இருந்தேன்.

நாங்கள் பணம் செலுத்தி வந்தது வினாடிக்கு 300 மெகாபிட் வேகத்திற்கு. ரவுட்டரின் அருகே கைப்பேசியில் அளந்தால் ஏறத்தாழ அவ்வளவும் கிடைத்தது. அதே ரவுட்டருடன் கேபிளால் இணைத்திருந்த மேசைக் கணினியிலோ 94-ஐத் தாண்டவில்லை. கம்பியில்லா வழியினும் கம்பிவழி மந்தமாயிருப்பது விந்தையன்றோ! புதிய ரவுட்டர் வாங்கவேண்டும் என்றான் என் மகன். நானோ சேவை நிறுவனத்தின்மீது கடுமையாக ஒரு புகார் எழுதத் தொடங்கிவிட்டேன்.

அந்த எண்ணை உற்றுநோக்க எங்களுக்கு இரண்டு நாள் ஆயிற்று. காலையிலும் 94, நள்ளிரவிலும் 94. நெரிசலால் வரும் மந்தம் மாலையில் மிகும், விடியலில் தணியும். அசையாது நிற்கும் எண், எங்கோ ஒரு வரம்பு குறுக்கிடுவதைக் காட்டுகிறது. 100 மெகாபிட் இணைப்பில், செய்திக் கட்டுகளின்மேல் எழுதப்படும் முகவரி முதலியவற்றுக்குரிய இடம் போக, நமக்கு எஞ்சுவது ஏறக்குறைய 94 தான்!

இனிக் கேபிளைப் பார்ப்போம். அதனுள்ளே எட்டுச் செம்புக் கம்பிகள், இரண்டிரண்டாக முறுக்கப்பெற்று, நான்கு ஜோடிகளாக உள்ளன. முறுக்கியது அழகுக்காக அன்று. அயலிலுள்ள மின்சாரத்தின் இடையூறு இரு கம்பிகளையும் ஒரே அளவில் தாக்கி, அதனாலேயே நீங்கிவிடும். தொலைபேசிக்காக 1881-இல் கிரகாம் பெல் காப்புரிமை பெற்ற உபாயம் இது. 100 மெகாபிட் வேகத்திற்கு இரண்டு ஜோடிகள் போதும். 1999-இல் வகுக்கப்பட்ட 1000 மெகாபிட் முறைக்கோ நான்கும் வேண்டும். ஒரே ஒரு கம்பி அறுந்தாலும், பல கருவிகள் ஓசையின்றி 100-க்கு இறங்கிவிடுகின்றன. விளக்கு எரிகிறது, இணைப்பும் இருக்கிறது. பின் யார் கேபிளைச் சந்தேகிப்பார்?

கணினியின் நெட்வொர்க் அமைப்புப் பகுதியில் இணைப்பு வேகம் குறிக்கப்பட்டிருக்கும். அங்கே 100 என்று கண்டால், முதலில் கேபிளை மாற்றுங்கள். பிறகு ரவுட்டரில் வேறு துளையில் செருகுங்கள். சில ரவுட்டர்களின் துளைகளே 100-க்கு மேல் செல்லா; அதையும் பார்த்துக்கொள்ளவேண்டும். ஒரு வேளையில் ஒன்றையே மாற்றுக. இரண்டைச் சேர்த்து மாற்றினால், குணமாகிவிடலாம்; நோய் எதுவென்று தெரியாது.

எங்கள் வீட்டில், அண்டை வீட்டாரிடம் இரவல் வாங்கிய கேபிளைச் செருகியதும் 1000 என்று காட்டியது. சோதனையில் வேகம் 300-ஐ நெருங்கியது. பழைய கேபிளை இழுத்தேன், வரவில்லை. பீரோவின் கால் ஒன்று அதன்மேல் நின்றுகொண்டிருந்தது. சென்ற பொங்கலுக்கு வீட்டை வெள்ளையடித்தபோது அந்தப் பீரோவை நகர்த்தி வைத்தவன் நானே. அரைகுறையாய் எழுதியிருந்த புகாரை, மகன் காணுமுன் கிழித்தெறிந்தேன்.