பெருநகரப் போக்குவரத்தும் நம் பங்கும்
(வெள்ளிவிழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



கல்விக் கழகத்தின் வெள்ளிவிழா மேடையில் பேருந்தையும் இரயிலையும் பற்றிப் பேசுவானேன் என்று சிலர் எண்ணக்கூடும். பள்ளி இருக்கிறது, ஆசிரியர் இருக்கிறார், உதவித்தொகையும் வருகிறது. ஆயினும் முதல் பாடவேளை தொடங்கும்போது மாணவன் பேருந்து நிறுத்தத்திலேயே நின்றுகொண்டிருப்பானாயின், அம்மூன்றும் அவனுக்கு எட்டாதவையே. கல்லூரியில் இடம் கிடைத்தும் இரண்டு மணி நேரப் பயணத்துக்கு அஞ்சிப் படிப்பை நிறுத்திய பெண்பிள்ளைகள் நம் குடியிருப்புகளில் உண்டு. ஆகவே, கல்வியைப் பற்றிய பேச்சு வீதியைப் பற்றிய பேச்சாகவும் இருந்தே தீரவேண்டும்.

வீதியின் வரலாறு நமக்குப் புதிதன்று. பொதுச் சாலையில் நடக்கும் உரிமையையே நம் முன்னோர் சட்டமன்றத்தில் போராடிப் பெறவேண்டியிருந்தது. இரட்டைமலை சீனிவாசன் அவர்கள் 1924ஆம் ஆண்டு சென்னைச் சட்டமன்றத்தில் கொண்டுவந்த தீர்மானம், எந்த வகுப்பினரும் பொதுச் சாலையிலும் தெருவிலும் நடப்பதற்குத் தடையில்லை என்று அறிவித்தது. அடுத்த ஆண்டு அது அரசிதழிலும் வெளியாயிற்று.

அண்ணல் அம்பேத்கர் தம் இளமைக்கால நிகழ்ச்சி ஒன்றை எழுதியிருக்கிறார். 1901ஆம் ஆண்டு, சிறுவராக இருந்த அவரும் உடன்வந்த பிள்ளைகளும் தந்தையாரைக் காண மசூர் நிலையத்தில் இரயிலிலிருந்து இறங்கினர். அவர்கள் மகார் வகுப்பினர் என்று தெரிந்ததும் மாட்டுவண்டிக்காரர் ஒருவரும் ஏற்றிச்செல்ல இசையவில்லை. இறுதியில் இரட்டிப்புக் கூலி தந்து, தாங்களே வண்டியை ஓட்டிச்செல்ல, வண்டிக்காரர் உடன் நடந்து வருவதாக ஏற்பாடாயிற்று. பின்னர் 1929இல், அரசு நியமித்த குழுவின் உறுப்பினராக அவர் சாளீஸ்காவ் சென்றபோதும் குதிரைவண்டிக்காரர்கள் அவரை ஏற்றிச்செல்ல மறுத்தனர். வண்டியோட்டிப் பழக்கமில்லாத நம் மக்களுள் ஒருவரே ஓட்ட நேர்ந்தது. வண்டி விபத்துக்குள்ளாகி அண்ணலின் கால் முறிந்தது.

இவ்விரு நிகழ்ச்சிகளிலும் ஒன்றைக் கவனியுங்கள். இரயில் அவரை ஏற்றிக்கொண்டது. பயணச்சீட்டு வாங்கிய எவரையும் அது ஏற்றிக்கொள்ளும். நிலையத்திலிருந்து வீடு சேரும் கடைசி வழியில்தான் தடை நின்றது. இன்றைய பெருநகரத்திலும் நம் தடை பெரும்பாலும் அந்தக் கடைசி வழியில்தான் இருக்கிறது.

இன்னொரு செய்தியும் நாம் மறக்கத்தகாதது. நம் மாநிலத்தில் தனியார் பேருந்துகள் ஓடத் தொடங்கிய காலத்தில், தாழ்த்தப்பட்டோரை ஏற்ற மறுத்த பேருந்துகள் இருந்தன. இராமநாதபுரம் மாவட்டக் கழகத் தலைவராயிருந்த டபிள்யூ. பி. ஏ. சௌந்தரபாண்டியனார், அவ்வாறு மறுக்கும் பேருந்துகளின் உரிமம் பறிக்கப்படும் என்று ஆணையிட்டார். பேருந்து முதலாளியின் மனம் மாறும்வரை அவர் காத்திருக்கவில்லை. உரிமம் வழங்கும் அதிகாரத்தைப் பயன்படுத்தினார். பேருந்தை ஓட்டுபவர் யார் என்பதைவிட, அது எங்கே, எப்போது, யாருக்காக ஓடவேண்டும் என்று முடிவுசெய்பவர் யார் என்பதே முதன்மையான கேள்வி என்பதை இது காட்டுகிறது.

பெயர் சூட்டுவதால் மட்டும் இக்கேள்விக்கு விடை கிடைப்பதில்லை. 1972இல் தோன்றிய பல்லவன் போக்குவரத்துக் கழகத்திலிருந்து பிரிந்து, 1994 முதல் டாக்டர் அம்பேத்கர் பெயரிலேயே ஒரு போக்குவரத்துக் கழகம் சென்னையில் இயங்கிற்று. 1997இல் தென்மாவட்டத்தில் வீரன் சுந்தரலிங்கம் பெயரில் ஒரு கழகம் தோற்றுவிக்கப்பட்டபோது, அப்பெயர் தாங்கிய பேருந்தில் ஏறமாட்டோம் என்று எதிர்ப்பு மூண்டு, கலவரங்கள் நிகழ்ந்தன. அவ்வாண்டே அரசு எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் தலைவர்களின் பெயர்களை நீக்கிவிட்டது. சென்னையின் இரு கழகங்களும் 2001இல் இணைந்து ஒரே மாநகர் போக்குவரத்துக் கழகம் ஆயின. பெயர் பறிபோனது வருத்தத்துக்குரியதே. ஆனால் பெயர் இருந்த நாளிலும், அக்கழகத்தின் வழித்தடங்களை வகுக்கும் அறையில் நமக்கு இருக்கை இருந்ததா என்று நாம் கேட்டதில்லை.

இனி இன்றைய நிலைமைக்கு வருவோம். கூவம், அடையாறு ஆகிய ஆற்றங்கரைகளிலும் நகரின் நடுப்பகுதிகளிலும் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த உழைக்கும் மக்கள், 2000ஆம் ஆண்டு தொடங்கிக் கண்ணகி நகருக்கும், பின்னர்ச் செம்மஞ்சேரிக்கும் பெரும்பாக்கத்துக்கும் குடியமர்த்தப்பட்டனர். 2015ஆம் ஆண்டுப் பெருவெள்ளத்துக்குப் பின்னர் அடையாற்றங்கரைக் குடும்பங்கள் பல பெரும்பாக்கம் சென்றன. அவர்களுள் பெருந்தொகையினர் நம் மக்கள். வீடு கட்டித்தந்தது குடிசைப்பகுதி மாற்று வாரியம். 2021 முதல் அதற்கு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பெயர். வீடு இருபது கிலோமீட்டருக்கு அப்பால் சென்றது. வேலையோ பழைய இடத்திலேயே நின்றுவிட்டது. வீட்டுவேலை செய்யும் தாய்மார்கள் காலை ஏழு மணிக்குள் நகரின் நடுவே இருந்தாகவேண்டும். வீட்டைக் கட்டிய வாரியத்துக்குப் பேருந்து விடும் அதிகாரம் இல்லை. பேருந்து விடும் கழகமோ, குடியமர்த்துவது எப்போது, எத்தனை குடும்பங்களை என்று முடிவுசெய்வதில்லை. இந்த இடைவெளியில்தான் நம் மக்களின் நாள்கள் கழிகின்றன.

பேருந்துத் தடம் எவ்வாறு குறைகிறது என்பதையும் இளைஞர்கள் அறிந்துகொள்ள வேண்டும். குடியமர்வுப் பகுதியிலிருந்து காலையில் எல்லோரும் நகரை நோக்கிச் செல்கின்றனர். அதே பேருந்து திரும்பி வருகையில் ஏறக்குறைய வெறுமையாக வருகிறது. வசூலைக் கிலோமீட்டரால் வகுத்துப் பார்க்கும் கணக்கில் அத்தடம் நட்டத் தடமாகத் தோன்றுகிறது. நட்டம் என்று நடை குறைக்கப்படுகிறது. நடை குறைந்ததும் மக்கள் கூடுதல் காசு கொடுத்துப் பங்கு ஆட்டோவில் ஏறுகின்றனர். அவர்கள் ஆட்டோவுக்குச் சென்றதும் பேருந்தின் வசூல் மேலும் குறைகிறது. மக்களுக்குத் தேவை இல்லாததால் பேருந்து குறைந்தது என்று கணக்கேடு சொல்லும். உண்மையோ பேருந்து குறைந்ததால் தேவை ஏட்டில் பதியாமற் போயிற்று என்பதாகும்.

ஆட்சியமைப்பையும் சுருக்கமாகக் காண்போம். நிலப்பயன்பாட்டைத் திட்டமிடுவது சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம். 1,189 சதுர கிலோமீட்டராக இருந்த அதன் எல்லை, 2022இல் 5,904 சதுர கிலோமீட்டராக விரிவுபடுத்தப்பட்டது. புறநகர் இரயிலும் பறக்கும் இரயிலும் நடுவண் அரசின் இரயில்வேயால் இயக்கப்பட்டு வந்தவை. மெட்ரோ இரயில் நடுவண், மாநில அரசுகளின் கூட்டு நிறுவனம். 2015இல் ஓடத் தொடங்கியது. பேருந்து மாநில அரசின் கழகத்துக்குரியது. சாலைகளோ மாநகராட்சிக்கும் நெடுஞ்சாலைத் துறைக்கும் உள்ளாட்சிகளுக்கும் பங்கிடப்பட்டவை. இவ்வாறு பிரிந்து கிடப்பதன் விளைவுக்குச் சான்று வேண்டுமாயின் பறக்கும் இரயிலைப் பாருங்கள். 1995இல் கடற்கரையிலிருந்து சேப்பாக்கம் வரை ஓடத் தொடங்கிய அது, வேளச்சேரியை அடைந்தது 2007இல். அங்கிருந்து பரங்கிமலைக்கு ஏறத்தாழ ஐந்து கிலோமீட்டர் இணைப்பு, நிலமெடுப்பு வழக்குகளில் சிக்கிப் பத்தாண்டுக்கும் மேலாகத் தாமதப்பட்டது.

இவற்றை ஒரு குடைக்கீழ்க் கொண்டுவரவேண்டும் என்று 2006ஆம் ஆண்டின் தேசிய நகர்ப்புறப் போக்குவரத்துக் கொள்கை அறிவுறுத்தியது. தமிழ்நாடு 2010இல் சென்னை ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமத்துக்கான சட்டத்தை இயற்றியது. கும்டா என்று சுருங்க வழங்கும் அக்குழுமத்தின் சட்டம் நடைமுறைக்கு வந்தது 2019இல். முதலமைச்சர் தலைமையில் முதற் கூட்டம் நடைபெற்றது 2022 நவம்பரில். சட்டம் பிறந்து அமைப்பு நடமாடப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆயின. 2025இல் பேருந்து, புறநகர் இரயில், மெட்ரோ மூன்றுக்கும் ஒரே செயலியில் பயணச்சீட்டு பெறும் வசதி வந்தது. வரவேற்கத்தக்கதே. ஆனால் சீட்டு ஒன்றாவது வேறு. கட்டணம் ஏழைக்குத் தாங்கத்தக்கதாவது வேறு. தடங்களை வகுப்பதில் ஏழையின் குரல் ஒலிப்பது முற்றிலும் வேறு.

அரசியலமைப்பின் 74ஆவது திருத்தம் 1993இல் நடைமுறைக்கு வந்தது. பெருநகரத் திட்டக்குழுவின் உறுப்பினருள் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாதோர், நகராட்சி உறுப்பினர்களாலும் ஊராட்சித் தலைவர்களாலும் தமக்குள்ளிருந்து தேர்ந்தெடுக்கப்பட வேண்டும் என்பது அதன் விதி. அண்ணல் வகுத்தளித்த சட்டத்தில் பின்வந்தோர் சேர்த்த இவ்விதியின் உட்கருத்து தெளிவானது: திட்டம் வல்லுநரின் தனிச்சொத்தன்று. தனித்தொகுதிகளில் வென்று மாமன்றத்துக்குச் செல்லும் நம் உறுப்பினர்களிடம், குடிநீர்க் குழாயைப் பற்றிக் கேட்பதோடு நில்லாது, பேருந்துத் தடத்தைப் பற்றியும் நாம் கேட்கவேண்டும்.

அயல்நாட்டுப் படிப்பினை ஒன்றும் நமக்கு உதவும். அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் பெருநகரில், 1994இல் போக்குவரத்து ஆணையம் இரயில் பாதைகளுக்குப் பெரும்பணம் செலவிட்டுக்கொண்டே, பேருந்துக் கட்டணத்தை உயர்த்தவும் மாதச் சீட்டை ஒழிக்கவும் முனைந்தது. பேருந்துப் பயணிகளுள் பெரும்பாலோர் கறுப்பின, இலத்தீன இன ஏழை மக்கள். அவர்கள் பேருந்துப் பயணிகள் சங்கம் அமைத்து, இது இனப் பாகுபாடு என்று நீதிமன்றம் சென்றனர். 1996இல் ஏற்பட்ட உடன்பாட்டின்படி, பேருந்து நெரிசலைக் குறைக்கவும் கட்டணத்தைக் கட்டுக்குள் வைக்கவும் ஆணையம் பத்தாண்டுகளுக்குக் கட்டுப்பட்டது.  இரயிலின் பெயரால் பேருந்தைப் பட்டினி போடாதீர் என்றே கூறினர்.

இது நமக்கு மிகப் பொருந்தும். மெட்ரோவின் இரண்டாம் கட்டப் பணிகளில் ஒரு தடம் பழைய மகாபலிபுரம் சாலை வழியாகச் சிறுசேரி வரையும், மற்றொன்று மேடவாக்கம், பெரும்பாக்கம் வழியாகச் சோழிங்கநல்லூர் வரையும் வகுக்கப்பட்டுள்ளன. நம் குடியிருப்புகளுக்கு அருகிலேயே இரயில் வருகிறது, மகிழ்வோம். ஆனால் நிலையத்திலிருந்து வீட்டுக்குப் பேருந்து இல்லையேல், மசூர் நிலையத்துச் சிறுவர்களின் நிலையே நமக்கும். 2021 மே மாதம் முதல் மகளிர்க்குக் கட்டணமில்லாப் பயணம் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில்தான் உண்டு, மெட்ரோவில் இல்லை. இரயில் வந்ததைக் காட்டிச் சாதாரணப் பேருந்துகளைக் குறைத்தால், கூலிக்குச் செல்லும் நம் தாய்மார்கள் பெற்ற சலுகை ஓசையின்றி மறைந்துபோகும்.

எனவே, நம் கழகத்தின் இளைஞர்கள் செய்யத்தக்க நான்கு பணிகளை முன்வைக்கிறோம்.

முதலாவது, கணக்கெடுப்பு. ஒவ்வொரு குடியிருப்பிலும் ஒரு வாரகாலம் காலை ஐந்து முதல் ஒன்பது மணிவரை, எந்தப் பேருந்து எத்தனை மணிக்கு வந்தது, எத்தனை பேர் ஏறமுடியாமல் நின்றனர் என்று எழுதுங்கள். கண்ணீரால் எழுதிய மனுவைவிட எண்களால் எழுதிய மனுவை அலுவலகம் எளிதில் ஒதுக்க முடியாது.

இரண்டாவது, தாய்மார்கள் கட்டணமில்லாப் பயணத்திலும் சீட்டைக் கேட்டுப் பெறவேண்டும். அச்சீட்டுகளின் எண்ணிக்கையைக் கொண்டே அரசு கழகத்துக்கு ஈட்டுத்தொகை அளிக்கிறது. பெறாத சீட்டு, பதியாத பயணம்.

மூன்றாவது, 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ், நம் தடங்களில் அட்டவணைப்படி இயங்கவேண்டிய நடைகள் எத்தனை, இயங்கியவை எத்தனை என்று கேளுங்கள். முப்பது நாளில் விடை தருவது அவர்கள் கடமை.

நான்காவது, பகுதி சபைக் கூட்டங்களில் கலந்துகொள்ளுங்கள். பெருநகரின் முழுமைத் திட்டம் வரைவாக வெளியிடப்படும்போது, மக்களின் மறுப்பையும் கருத்துரையையும் கேட்கவேண்டும் என்பது சட்டம். நிலமுடையோர் அங்கே தவறாமல் எழுதுகின்றனர். நிலமில்லாத நாம் எழுதாவிட்டால், நாம் அந்நகரில் இல்லை என்றே கோப்பு கொள்ளும். புதிய குடியமர்வு எதுவாயினும், பேருந்து ஓடத் தொடங்கிய பின்னரே குடியமர்த்த வேண்டும் என்னும் ஒரு வரியை அங்கே நாம் சேர்க்கச் செய்தல் வேண்டும்.

அன்பார்ந்த இளைஞர்களே, கற்பி, கிளர்ச்சி செய், ஒன்றுசேர் என்று அண்ணல் கூறிய வரிசையில் கல்வி முதலில் நிற்கிறது. இருபத்தைந்து ஆண்டுகளாக இக்கழகம் அம்முதற் பணியைச் செய்துவந்துள்ளது. கற்றவர்கள் தம் குடியிருப்பின் பொதுக் காரியத்தில் அக்கல்வியைச் செலவிடும் காலம் இது. உங்களுள் ஒருவர் நகரமைப்புப் பயிலட்டும். ஒருவர் போக்குவரத்துப் பொறியியல் பயிலட்டும். ஒருவர் சட்டம் பயிலட்டும். தடங்களை வகுக்கும் அறைக்கு வெளியே மனு கொடுத்து நின்றது போதும். அறைக்குள் அமர்ந்து வரைபடத்தில் நம் தெருவின் பெயரை எழுதும் கைகள் இந்த அவையிலிருந்தே எழவேண்டும்.