வாசற்படியிலிருந்து வண்டி வரை

(சூரமங்கலத்தில் நடைபெற்ற சுற்றுவட்டார ஊராட்சிகளின் கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



சாலை, குடிநீர், தெருவிளக்கு ஆகியவற்றைப் பற்றியே நாம் கூடிப் பேசுவது வழக்கம். இன்று, இத்தகைய கூட்டங்களுக்கு ஒருபோதும் வர இயலாதவர்களைப் பற்றிப் பேச விரும்புகிறேன். நடக்க இயலாத குழந்தைகளையும், அவர்களைச் சுமக்கும் தாய்மார்களையும் பற்றியே என் பேச்சு.

முதலில் என் குறையைச் சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு முகாமில், மூளை முடக்குவாதத்தால் நடக்க இயலாத 11 வயதுச் சிறுவனுக்குச் சக்கர நாற்காலி வழங்கினோம். புகைப்படம் எடுத்தோம், கைதட்டினோம். பணி முடிந்ததென்று நானும் குறித்துக்கொண்டேன். எட்டு மாதங்கள் கழித்து அவ்வழியே சென்றபோது அவ்வீட்டிற்குப் போனேன். நாற்காலி மாட்டுக் கொட்டகையில் நின்றது. அதன்மேல் தவிட்டு மூட்டை இருந்தது. என் முகம் மாறியதைக் கண்ட அந்தத் தாயார், "நாற்காலி நல்லாத்தானுங்க இருக்குது. பஸ் ஏறப் போனால், பையனைத் தூக்கறதுங்களா, நாற்காலியைத் தூக்கறதுங்களா?" என்று கேட்டார். என்னிடம் விடை இல்லை. நாற்காலியைக் கொடுத்த நாங்கள், அது எவ்வாறு வீட்டை விட்டு வெளியே செல்லும் என்று எண்ணிப் பார்க்கவில்லை.

அன்பர்களே, நாம் கூடியிருக்கும் இந்தச் சூரமங்கலத்தில்தான் சேலம் சந்திப்பு ரயில் நிலையம் உள்ளது. இங்கிருந்து சென்னைக்கும் செல்லலாம், கோவைக்கும் செல்லலாம். ஆனால் சில மைல் தொலைவிலுள்ள சிற்றூரின் குழந்தைக்குச் சேலம் அரசு மருத்துவமனையே எட்டாத ஊராக இருக்கிறது. 2021-ஆம் ஆண்டு முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் மாற்றுத்திறனாளிகளும் அவர்களுக்குத் துணையாக வரும் ஒருவரும் கட்டணமின்றிச் செல்லலாம். இது பேருதவிதான். எனினும், சீட்டு இலவசமாயிற்றே தவிர, பேருந்தின் படிகள் தாழ்ந்துவிடவில்லை. சென்னையில் 2024-இல் தாழ்தளப் பேருந்துகள் ஓடத் தொடங்கின. நம் மண்சாலைகளுக்கு அவை வந்து சேரும் வரையில் குழந்தைகள் வளராமல் காத்திருக்க மாட்டார்கள்.

இங்கே ஓர் உண்மையை நீங்கள் கருத்திற்கொள்ள வேண்டும். குழந்தைக்கு நான்கு வயதாகும்போது தாய் அதை இடுப்பில் வைத்துக்கொண்டு இயன்முறை சிகிச்சைக்குச் செல்கிறாள். ஆண்டுதோறும் குழந்தையின் எடை கூடுகிறது. தாயின் முதுகோ தேய்கிறது. ஒன்பது, பத்து வயதில் பயணம் நின்றுவிடுகிறது. பயிற்சி நின்றால் தசைகள் இறுகுகின்றன, மூட்டுகள் மடங்கியபடியே நின்றுவிடுகின்றன. பள்ளியும் நின்றுபோகிறது. "அந்த வீட்டார் அக்கறையில்லாதவர்கள்" என்று ஊர் பேசுகிறது. அது அக்கறைக் குறைவன்று. தூக்க இயலாமையே ஆகும்.

ஆட்டோவில் அழைத்துச் செல்லலாமே என்று கேட்பவர்கள் உண்டு. ஆட்டோவில் சக்கர நாற்காலிக்கு இடமில்லை. குழந்தையைத் தாய் மடியில் இருத்திக்கொள்கிறாள். திடீரென்று பிரேக் போட்டால் 25 கிலோ எடையுள்ள குழந்தையை இரு கைகளால் தாங்குவது அரிது. இறங்கிய இடத்திலும் நாற்காலி இல்லாததால் நாள் முழுவதும் குழந்தை தாயின் மடியிலேயே இருக்க வேண்டியதாகிறது.

இதற்குத் தக்க வழி, குழந்தை நாற்காலியில் அமர்ந்தபடியே ஏறி, அமர்ந்தபடியே இறங்கக்கூடிய வேன். இது விந்தையான இயந்திரம் அன்று. கன்றுக்குட்டியை டெம்போவில் ஏற்ற நாம் என்ன செய்கிறோம்? வண்டியைப் பின்புறமாக வரப்பு மேட்டில் ஒட்டி நிறுத்துகிறோம், பலகை வைக்கிறோம். கன்றுக்குப் பலகை வைக்கத் தெரிந்த நமக்குக் குழந்தைக்கு வைக்கத் தோன்றவில்லை, அவ்வளவுதான்!

ஆயினும் பலகையில் ஒரு கணக்கு உண்டு. கட்டடங்களில் ஓரடி உயரத்திற்குப் பன்னிரண்டடி நீளம் சாய்தளம் வேண்டுமென்பது விதி. வேனின் தளம் இரண்டடி உயரமென்றால் 24 அடிப் பலகை வேண்டும். அது நடவாத காரியம். ஆகவே தளத்தைத் தாழ்த்திக் கட்டிய வேனும், துணையாள் பிடித்து ஏற்றும் குறுகிய பலகையும் வேண்டும். அல்லது நாற்காலியோடு தூக்கும் மின்தூக்கி அமைக்க வேண்டும். உள்ளே சென்றபின் நாற்காலி முன்னோக்கியே நிற்க வேண்டும், பக்கவாட்டில் நிறுத்தலாகாது. முன்னால் இரண்டு, பின்னால் இரண்டு என நான்கு வார்களால் நாற்காலியைத் தளத்தோடு பிணைக்க வேண்டும். குழந்தைக்குத் தனியாக ஒரு வார் வேண்டும். பழைய வேனை மாற்றியமைப்பதானால் வட்டாரப் போக்குவரத்து அலுவலரின் ஒப்புதலை முன்னதாகவே பெறுதல் அவசியம்.

இது கருணையின்பாற்பட்டது மட்டுமன்று. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், அரசு நிதியுதவியோ அங்கீகாரமோ பெற்ற பள்ளிகள் இக்குழந்தைகளுக்குப் போக்குவரத்து வசதி செய்து தரவேண்டுமென்றும், மிகுந்த துணை தேவைப்படும் குழந்தையாயின் உடன் செல்பவருக்கும் அவ்வசதி வேண்டுமென்றும் கூறுகிறது. அமெரிக்க நாட்டில் 1975-லேயே, பள்ளிக்கு அழைத்துச் செல்வதும் இக்குழந்தைகளின் கல்வியைச் சேர்ந்ததே என்று சட்டம் செய்தார்கள்.

"அதெல்லாம் பெரிய ஊர்களின் காரியம்" என்று நினைக்க வேண்டாம். தென்காசிக்கு அருகிலுள்ள ஆய்க்குடி ஒரு சிற்றூரே. அவ்வூரைச் சேர்ந்த எஸ். இராமகிருஷ்ணன், பொறியியல் மாணவராக இருந்தபோது 1975-இல் கடற்படைத் தேர்வில் விழுந்து, கழுத்துக்குக் கீழே செயலிழந்தார். அவரே 1981-இல் அமர் சேவா சங்கத்தைத் தோற்றுவித்தார். கூரைக் கொட்டகையில் போலியோவால் பாதிக்கப்பட்ட ஐந்து குழந்தைகளோடு தொடங்கியது அப்பணி. தசைச் சிதைவு நோயால் சக்கர நாற்காலியில் இயங்கும் கணக்காயர் எஸ். சங்கரராமன் பின்னர் அதில் இணைந்தார். இன்று அச்சங்கத்தின் பணியாளர்கள் கிராமம் கிராமமாக வீடுகளுக்கே சென்று குழந்தைகளுக்குப் பயிற்சி அளிக்கிறார்கள். இருவரும் எழுந்து நடவாமலே இவ்வளவு செய்தார்களென்றால், நடக்கும் நாம் எவ்வளவு செய்யலாம்!

நம் மாநில அரசும் உலக வங்கி உதவியுடன் 'உரிமைகள்' திட்டத்தின் வாயிலாகச் சிகிச்சையை மக்களின் அருகே கொண்டுசெல்ல முற்பட்டிருக்கிறது. சிகிச்சை வீடு தேடி வருவது நன்றே. ஆனால் குழந்தைக்குச் சிகிச்சை மட்டும் போதுமா? பள்ளித் தோழர்கள் வேண்டும். மாரியம்மன் பண்டிகையில் தேரையும் காண வேண்டும். அதற்கு வீடு தாண்டி வெளியே வர வேண்டும்.

இனி, நாம் செய்ய வேண்டியவை யாவை?

முதலாவது, கணக்கெடுப்பு. ஒவ்வொரு வார்டிலும் வெளியே வராத குழந்தைகள் எத்தனை பேர், அவர்கள் செல்ல வேண்டிய இடம் எது, வாரத்தில் எத்தனை நாள் என்று எழுதுங்கள். இதற்குச் செலவில்லை.

இரண்டாவது, கூட்டு முயற்சி. ஓர் ஊராட்சியில் இரண்டு மூன்று குழந்தைகளே இருக்கலாம். நான்கைந்து ஊராட்சிகள் சேர்ந்தால் ஒரு வேனுக்கு வாரம் முழுவதும் வேலை இருக்கும். திங்கட்கிழமை ஒரு பக்கம், செவ்வாய்க்கிழமை மறுபக்கம் என்று முறை வைக்கலாம். நாம் வாய்க்கால் நீருக்கு முறை வைப்பதில்லையா?

மூன்றாவது, ஓட்டும் செலவு. வேனை நன்கொடையாகப் பெறுவது எளிது. தொழிற்சாலைகளின் சமூகப் பொறுப்பு நிதியிலும் கேட்கலாம். ஓட்டுநர் சம்பளம், டீசல், டயர், காப்பீடு ஆகியவற்றிற்கு வழி காணாமல் வாங்கிய வண்டி, கொட்டகையில் நிற்கும் இன்னொரு நாற்காலியாகிவிடும். ஆகவே இரண்டாண்டுச் செலவுக்கு வழி செய்துவிட்டே வண்டியைக் கேளுங்கள்.

நான்காவது, வாசல். வண்டி வந்தாலும் வாசற்படியும் சாக்கடையும் தடுக்குமானால் பயனில்லை. ஒரு சிமெண்டுப் பலகையும் ஒரு நாள் உழைப்பும் போதும்.

ஐந்தாவது, அவர்களையே கேளுங்கள். ஒவ்வொரு ஊராட்சியிலும் மாற்றுத்திறனாளி ஒருவரை உறுப்பினராக நியமிக்க 2025-இல் நம் மாநிலத்தில் சட்டம் திருத்தப்பட்டது. அவரோடும் இக்குழந்தைகளின் தாய்மார்களோடும் கலந்தே நேரத்தையும் வழியையும் முடிவு செய்ய வேண்டும்.

அந்தச் சிறுவனின் வீட்டு வாசலில் சாய்தளம் அமைத்தோம். தவிட்டு மூட்டையை இறக்கி வைத்தோம். இப்பொழுது அவன் நாற்காலியில் தெருமுனை வரை வருகிறான்; பேருந்து போவதைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறான். தெருமுனைக்கு அப்பால் அவனை அழைத்துச் செல்ல என்னால் தனியே ஆகாது. அது உங்கள் கையில் இருக்கிறது. அடுத்த கிராம சபையில், குடிநீருக்கும் சாலைக்கும் அடுத்தபடியாக, இதையும் ஒரு பொருளாக எழுதிக்கொள்ளுமாறு கேட்டுக்கொண்டு என் உரையை முடிக்கிறேன்.