தாய் திரும்பி வரும்வரை

(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில், நியூசிலாந்தில் வசிக்கும் பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சங்கச் செயலாளர் தொலைபேசியில் அழைத்து, "நீர் என்ன வேலை செய்கிறீரோ அதைப்பற்றியே பேசும்" என்று சொன்னபோது சற்றுத் தயங்கினேன். மருத்துவர், கணக்காளர், பேராசிரியர் என்று பெயர் சொல்லும் பெரியவர்கள் நிறைந்த சபை இது. நானோ டனீடன் நகரில் ஓர் ஆய்வுகூடத்தில் தொழினுட்ப உதவியாளர். முதல் வருடம் முழுக்க நான் செய்தது கடற்சிங்கத்தின் மலத்தைச் சல்லடையில் இட்டுக் கழுவும் வேலை. அம்மா அதை நெடுநாள் ஊரில் ஒருவருக்கும் சொல்லவில்லை. "பிள்ளை கடல் ஆராய்ச்சி செய்கிறாள்" என்பதோடு நிறுத்திக்கொள்வாராம்.

கடற்சிங்கம் என்றால் எங்களில் பலருக்கு நினைவு வருவது தெகிவளை மிருகக்காட்சிச்சாலைதான். பாடசாலைச் சுற்றுலாவில் அதன் வேடிக்கையைப் பார்த்துக் கைதட்டியவர்கள் இங்கே இருக்கிறீர்கள். நான் சொல்லப்போவது வேறோர் இனம். நியூசிலாந்துக்கே உரியது, உலகில் வேறெங்கும் இனப்பெருக்கம் செய்வதில்லை. மொத்தமாகப் பன்னிரண்டாயிரத்துக்கு மேல் இராது. உலகிலுள்ள கடற்சிங்க இனங்களில் மிக அரிதானவற்றுள் ஒன்று. அவற்றில் பெரும்பகுதி, தென்தீவின் தென்முனையிலிருந்து ஏறத்தாழ 465 கிலோமீற்றர் தள்ளி, குளிரும் காற்றும் ஓயாத ஓக்லாந்துத் தீவுகளில் வாழ்கின்றன. ஓக்லாந்து நகரத்துக்கும் இந்தத் தீவுகளுக்கும் பெயரைத் தவிர ஒரு சம்பந்தமும் இல்லை. என் மாமி இன்றுவரை இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்.

ஒரு மிருகம் கடலுக்கடியில் என்ன தின்கிறது என்று எப்படி அறிவது? கூடப் போய்ப் பார்க்க முடியாது. இன்று காலை சின்னக்கடையில் வாங்கிய கணவாயின் வாயிலிருந்து எடுத்த அலகை இந்தச் சின்னப் போத்தலில் போட்டுக் கொண்டுவந்திருக்கிறேன். கிளியின் சொண்டு போல இருக்கும். கூடவே ஒரு கத்தாளை மீனின் தலையில் இருந்த இரண்டு கல்லும் இருக்கின்றன. மீன் வெட்டும்போது எங்கள் அம்மாமார் எடுத்து எறிகிற அதே கல்தான். விஞ்ஞானத்தில் அதைச் செவிக்கல் என்பார்கள். சதை செரித்துப் போனாலும் இவை மலத்தில் மிஞ்சும். செவிக்கல்லின் வடிவம் மீனுக்கு மீன் வேறுபடும். அதன் அளவைக் கொண்டு மீன் எவ்வளவு நீளம் என்றுகூடக் கணக்கிடலாம். உயர்தர வகுப்பில் பூவைப் பிரித்து ஒவ்வொரு பாகமாகக் கடதாசியில் ஒட்டுவித்த எங்கள் தாவரவியல் ரீச்சரை நான் எத்தனை நாள் நன்றியோடு நினைத்திருப்பேன்! பொறுமை அங்கே பழகியது.

ஆனால் சல்லடை முழு உண்மையையும் சொல்லாது. கணவாயின் அலகு வயிற்றில் பல நாள் தங்கிக் கிடக்கும். சிறிய மீனின் கல் கரைந்துவிடும். ஆகவே அலகை மட்டும் எண்ணினால், மிருகம் கணவாயே கதி என்று வாழ்வதாகத் தோன்றும். அதனால்தான் பாலிலும் தோலுக்கடியிலுள்ள கொழுப்பிலும் இருக்கும் கொழுப்பமிலங்களையும் ஆராய்கிறார்கள். தின்ற இரையின் கொழுப்பு, தின்றவரின் கொழுப்பில் தன் அடையாளத்தை விட்டுச்செல்லும். இப்படிப் பல வழியாகவும் பார்த்தபோது, ஓக்லாந்துத் தீவுக் கடற்சிங்கங்கள் கணவாயோடு சாக்குக்கணவாய், ஹோக்கி, எலிவால்மீன் என்று ஆழத்தில் கிடைப்பதையெல்லாம் தேடித் தின்பது தெரியவந்தது.

மூன்றாவது வழி, முதுகில் ஒரு சிறு கருவியை ஒட்டிவிடுவது. எத்தனை மணிக்கு எவ்வளவு ஆழம் போனது என்று அது பதிந்துகொள்ளும். லூயீஸ் சில்வர்ஸ் என்ற பெண் விஞ்ஞானியும் அவரோடு வேலை செய்தவர்களும் என்டர்பித் தீவிலுள்ள தாய்களுக்கு இப்படிக் கருவி பொருத்திப் பார்த்த முடிவுகளை முதன்முதல் வாசித்தபோது நான் கதிரையை விட்டு எழுந்துவிட்டேன். ஒரு தாய் சராசரியாக 120, 130 மீற்றர் ஆழத்துக்கு முக்குளிக்கிறாள். ஒரு நல்ல தென்னை இருபது மீற்றர் என்றால், ஆறு தென்னையை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்திய ஆழம். சிலவேளை 500 மீற்றரையும் தாண்டுகிறாள். ஒரு முறை இரை தேடிப் போய்வர இரண்டு மூன்று நாள். அதற்குள் நீந்தும் தூரம் நானூறு கிலோமீற்றருக்கு மேல். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குப் போகும் தூரம், சோறு தேடி! உடலில் சேமித்த ஒட்சிசன் தாங்கும் அளவைக் கடந்தும் பல முக்குளிப்புகள் நீள்கின்றன. கரைக்கு வந்து ஒன்றிரண்டு நாள் குட்டிக்குப் பால் கொடுத்துவிட்டு மறுபடி போகிறாள். இதைப் பத்து மாதமளவில் செய்கிறாள். அவளுடைய பாலில் கொழுப்பும் மற்றக் கடற்சிங்க இனங்களோடு ஒப்பிட்டால் குறைவு. அதாவது, அவள் ஏற்கெனவே தன் சக்தியின் எல்லையில் நின்று பிள்ளை வளர்க்கிறாள்.

இந்தத் தாய் போகும் அதே இடத்துக்கு, பெப்ரவரியிலிருந்து மே வரை, கணவாய் பிடிக்கும் பெரிய றோலர்களும் போகின்றன. மடிக்குள் அகப்பட்டால் மூச்செடுக்க மேலே வரமுடியாது. 1990களில் ஒரே பருவத்தில் நூறுக்கு மேல் இறந்திருக்கும் என்று மதிப்பிட்ட ஆண்டும் உண்டு. ஒரு தாய் மடியில் இறந்தால் கரையில் காத்திருக்கும் குட்டி பட்டினியால் சாகும். அவள் வயிற்றில் அடுத்த குட்டியும் இருக்கும். ஆகவே ஒன்று என்று எழுதுகிற இடத்தில் மூன்று என்று வாசிக்க வேண்டும். நான் இரண்டு பிள்ளை பெற்றவள். அந்தப் புள்ளிவிபர அட்டவணையை வெறும் எண்ணாக என்னால் பார்க்க முடியவில்லை.

மீன்பிடியை உடனே நிறுத்து என்று சொல்வது சுலபம். கரையோரக் குடும்பத்தில் வளர்ந்த எனக்கு அது வாயில் வரவில்லை. அங்கே செய்தது என்னவென்றால், இறப்புக்கு ஒரு வரம்பு வைத்தார்கள். வரம்பு எட்டியதும் பருவத்தை முன்கூட்டியே மூடினார்கள். 2001 அளவிலிருந்து மடிக்குள் ஒரு கம்பித் தட்டியைச் சரிவாகப் பொருத்தத் தொடங்கினார்கள். கணவாய் கம்பிகளுக்கூடாகப் பின்னே போய்விடும்; கடற்சிங்கம் தட்டியில் முட்டி, மேலேயிருக்கும் துவாரத்தால் வெளியேறும். அதன்பின் மடியில் இறந்து கிடப்பவை மிகக் குறைந்தன.

"தப்பிப் போனது உண்மையில் பிழைத்ததா? தட்டியில் தலை மோதி, கடலுக்குள் போய்ச் செத்திருக்காதா?" என்று சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்வி. பிடிபட்டு, கப்பலிலேயே உறையவைத்துக் கொண்டுவந்த உடல்களை அறுத்துப் பார்த்தபோது உள்ளே இரத்தக் கண்டல்கள் தெரிந்தன. மோதியதால் வந்த காயம் என்றே முதலில் நினைத்தார்கள். பின்பு கவனமாகச் சோதித்ததில், உடலை உறையவைத்து இளகவிடும்போதே அப்படியான அடையாளங்கள் உண்டாகும் என்று தெரிந்தது. இதனால் தட்டி முற்றிலும் ஆபத்தில்லாதது என்று நிரூபணமாகவில்லை. அந்தச் சாட்சி செல்லாது என்பது மட்டுமே நிரூபணமானது. இந்த வித்தியாசத்தை விளங்கிக்கொள்ளாமல் இரண்டு தரப்பும் பத்திரிகையில் சண்டை பிடித்ததை நான் பார்த்திருக்கிறேன்.

மீன்பிடி மட்டும் காரணமுமல்ல. 1998இல் ஒரு பக்டீரியாத் தொற்று அந்த வருடத்துக் குட்டிகளில் பாதிக்கு மேல் கொன்றது. அதன்பின்னும் மூளையுறையைத் தாக்கும் ஒரு கிருமி குட்டிகளை விடவில்லை. சதுப்புக் குழிக்குள் விழுந்து ஏறமுடியாமல் சாகிற குட்டிகள் வேறு. அதற்கு மருந்து மிகச் சாதாரணமானது: குழிக்குள் ஒரு பலகையைச் சாய்த்து வைப்பது. குட்டி ஏறி வந்துவிடும். எல்லாம் சேர்ந்து, 1998இல் ஓக்லாந்துத் தீவுகளில் ஏறத்தாழ 3,000 குட்டிகள் பிறந்த இடத்தில் 2009இல் ஏறத்தாழ 1,500 தான் பிறந்தன. பதினொரு வருடத்தில் பாதி.

இனி ஒரு நல்ல செய்தி. ஒரு காலத்தில் நியூசிலாந்தின் பெருநிலக் கரை எங்கும் கடற்சிங்கம் இருந்தது. மனிதர் குடியேறி வேட்டையாடியதில் அங்கே அற்றுப்போயிற்று. 1993இல், தெற்கேயிருந்து தனியே வந்த ஒரு பெண் கடற்சிங்கம் ஒட்டாகோக் கரையில் குட்டி ஈன்றது. நூற்றைம்பது வருடங்களுக்கு மேலாக அந்தக் கரையில் நடவாத பிரசவம். அவளுக்கு ஊரார் வைத்த பெயர் 'மம்', அதாவது அம்மா. இன்று எங்கள் நகரைச் சுற்றியிருக்கும் கடற்சிங்கங்களில் பெரும்பாலானவை அவளுடைய பிள்ளைகள், பேரப்பிள்ளைகள், பூட்டப்பிள்ளைகள்.

அமெலி ஓஜே என்ற இளம் ஆய்வாளர் ஒட்டாகோப் பல்கலைக்கழகத்தில் இந்தத் தாய்களைப் பின்தொடர்ந்தார். இவர்கள் கரைக்குக் கிட்டவே, சராசரியாக இருபது மீற்றர் ஆழத்தில் இரை பிடிக்கிறார்கள். மாலையில் போய்க் காலையில் திரும்புகிறவர்களும் உண்டு. உடம்பு பெரிதாக வளர்கிறது. நான்கு வயதிலேயே முதல் குட்டி ஈனுகிறார்கள். அதே இனம்தான், ஆனால் வாழ்வு எவ்வளவு வேறு! தெற்குத் தீவுகள் அவற்றின் சொந்த ஊர் அல்ல, கடைசியாக ஒதுங்கிய இடம் என்ற எண்ணம் அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஊரை விட்டுப்போன என்னைப் போன்றவளுக்கு அது சற்றுக் கூடுதலாகவே உறைத்திருக்கும்.

நகரத்தில் குட்டி வளர்ப்பது லேசல்ல. தாய் கடற்கரையில் நிற்காமல் பற்றைக்குள், மரங்களுக்கிடையில், சிலவேளை கோல்ஃப் மைதானத்தில் குட்டியை மறைத்துவைக்கிறாள். காரில் அடிபட்டவையும் உண்டு, மனிதர் வேண்டுமென்றே கொன்றவையும் உண்டு. ஒரு முறை ஒரு தாயும் குட்டியும் தெருவைக் கடந்து கடலுக்குப் போய்வந்தபடியால் மாநகரசபை அந்தத் தெருவையே ஒரு மாதமளவில் மூடிவைத்தது. எங்கள் நாய்களைக் கட்டிக்கொண்டு போகச் சொல்கிறார்கள். இருபது மீற்றர் தள்ளி நிற்கச் சொல்கிறார்கள். முதலில் முணுமுணுத்தவர்கள் இப்போது குட்டியின் பெயர் சொல்லி விசாரிக்கிறார்கள்.

எங்கள் கடலில் கடற்சிங்கம் இல்லை. மன்னார்க் கடலில் கடற்பசு இருக்கிறது. அது கடற்புல்லை மேய்கிறது. பல வருடத்துக்கு ஒரு கன்று போடுகிறது. வலையில் சிக்கினால் அதுவும் மூச்சடைத்தே சாகிறது. சட்டத்தில் அதைப் பிடிப்பதும் கொல்வதும் குற்றம். அடித்தள இழுவைமடியை 2017இல் எங்கள் பாராளுமன்றம் தடைசெய்தது. ஆனாலும் பாக்குநீரிணையில் றோலர் இரைச்சல் ஓயவில்லை என்பதை இங்கே இருப்பவர்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. கடற்பசு எங்கே மேய்கிறது, எப்போது வருகிறது என்பதை அந்தக் கடலில் தொழில் செய்கிறவர்கள் எங்களைவிட நன்றாக அறிவார்கள். மன்னாரில் கடல் தொழில் செய்யும் வீடுகளிலிருந்து வந்து இங்கே விடுதியில் தங்கிப் படித்தவர்கள் சிலர் முன்வரிசையில் இருக்கிறீர்கள். உங்கள் அப்பாமாரிடமும் அண்ணன்மாரிடமும் கேட்டு எழுதிவைத்தால், அதற்குப் பயன் உண்டு. எப்படி எழுதவேண்டும் என்று கேட்டால் நான் சொல்லித்தருகிறேன். இந்த மாதம் முழுவதும் இங்கேதான் நிற்கிறேன்.

போத்தலை இப்போது முன்வரிசையிலிருந்து அனுப்புகிறேன். கல்லை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் மர வளையம் போல் கோடுகள் மெல்லத் தெரியும். மீனின் வயது அதில் இருக்கிறது. மூடியைத் திறக்கவேண்டாம், கணவாய் மணக்கும். தேநீருக்கு மணி அடிப்பதற்குள் என்னிடம் திருப்பித் தந்துவிடுங்கள்.