குளத்தங்கரை மரியாதை

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் ஓய்வு பெற்றோருக்கென்றே 1960ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் திறக்கப்பட்ட ஊர் சன் சிட்டி. வீட்டுக்கு ஒருவராவது 55 வயது நிரம்பியிருக்க வேண்டும். அவர்கள் கூடும் இடங்களுள் பொது நீச்சல் குளமும் ஒன்று.

இறங்குமுன் குளித்துக்கொள்வதும், பேரப்பிள்ளைகளை அவர்களுக்குரிய நேரத்தில் மட்டும் அழைத்து வருவதும் குளத்து விதிகள். பலகையில் எழுத முடியாத மரியாதை ஒன்றும் உண்டு: துணையை இழந்து தனியே வந்தவரிடம் நாமே முதலில் பேசுவது. மூட்டுவலிக்குத் தண்ணீர் இதம். தனிமைக்கு அந்தப் பேச்சே மருந்து.

அதற்கு நீச்சல் குளம் தேவையில்லை. பெரட்டுக்குப் போவது நின்றபின் வாசற்படியிலேயே அமர்ந்திருக்கும் நம் தாத்தா பாட்டியை, இன்று மாலை கோயில் திடலுக்கு அழைத்துச் செல்வோமா?