சாம்பார்ல கோதுமையா?

விளாங்குடியில இருந்து பேசுறேன். எனக்கு சீலியாக் நோய் இருக்கு. கோதுமை, பார்லி மாதிரி தானியங்கள்ல இருக்கிற குளூட்டன் என்கிற புரதம் உள்ளே போனா, உடம்போட எதிர்ப்பு சக்தியே சிறுகுடலைத் தாக்கும். வயிறு வலிக்காட்டியும் உள்ளே பாதிப்பு நடக்கும். நாளாக நாளாக ரத்தசோகை, எலும்பு பலவீனம்னு போகும். அதனால "ஒரு வாய்தானே"ங்கிறது இங்க செல்லாது.

"பரோட்டாவை விட்டா இட்லி, தோசை இருக்கே, மதுரையில உனக்கென்ன கவலை?"ன்னு ஃப்ரெண்ட்ஸ் கேப்பாங்க. பரோட்டா கண்ணுக்குத் தெரியுது, ஒதுங்கிடலாம். தெரியாததுலதான் சிக்கல்.

முதல்ல பெருங்காயம். கடையில விக்கிற கூட்டுப் பெருங்காயம் பலதுலயும் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கும். டப்பாவைத் திருப்பிப் படிங்க. சாம்பார், ரசம், இட்லிப் பொடின்னு எல்லாத்துலயும் அது விழுது. அடுத்து தோசைக்கல்: பரோட்டா சுட்ட கல்லுலயே நம்ம தோசையும் வேகும். மூணாவது எண்ணெய்ச் சட்டி: மைதா போண்டா பொரிச்ச எண்ணெய்லயே உளுந்து வடையும் மிதக்கும். ஃப்ரைடு ரைஸ்ல ஊத்துற சோயா சாஸ்லயும் பெரும்பாலும் கோதுமை உண்டு.

அதனால "கோதுமை இருக்கா?"ன்னு மட்டும் கேட்காதீங்க. "அரிசிதான் தம்பி"ன்னு நல்ல மனசோட சொல்லிடுவாங்க. கூட்டம் கம்மியா இருக்கும்போது போய், "அண்ணே, எனக்கு கோதுமை ஒத்துக்காது, டாக்டர் சொல்லியிருக்காரு. சட்னியில பெருங்காயம் போட்டீங்களா?"ன்னு கேளுங்க. நான் கேட்கிறது ஆவியில வெந்த இட்லி, தாளிக்காத தேங்காய்ச் சட்னி.

2020-ல வந்த உணவு லேபிள் விதிகள்படி, மத்திய உரிமம் வாங்கின உணவகங்களும், 10 இடங்களுக்குக் குறையாம கிளை வச்சிருக்கிற உணவகங்களும் அலர்ஜி விவரம் தரணும். தெருமுனைக் கடைக்கு அது கிடையாது. அங்க மாஸ்டர் சொல்ற பதில்தான் லேபிள்.

முந்திரி, வேர்க்கடலை அலர்ஜி வேற கதை. குருமாவுல முந்திரி அரைச்சு ஊத்தியிருப்பாங்க. சில நிமிஷத்துலயே தொண்டை வீங்கி மூச்சு திணறலாம். டாக்டர் அட்ரினலின் ஊசி கொடுத்திருந்தா அது எப்பவும் கையில இருக்கட்டும். மூச்சு திணறினா ஊசியைப் போட்டுட்டு உடனே 108.

கடைசியா, கூட சாப்பிடுறவங்களுக்கு ஒண்ணு. உங்க கேங்ல இப்படி ஒருத்தர் இருந்தா, "சும்மா டேஸ்ட் பாரு"ன்னு நீட்டாதீங்க. எந்தக் கடைன்னு அவரையே சொல்ல விடுங்க. அவரும் தண்ணி பாட்டிலோட உட்காராம, உங்களோட சேர்ந்து சாப்பிடுவாரு.