மீன் விடுமுன் நீரைச் சோதித்தல்

(திருவதிகையில், சுற்றுவட்டாரப் பஞ்சாயத்து உறுப்பினர்களும் விவசாயிகளும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



கெடில நதிக்கரையில், அப்பரடிகளின் சூலை நோய் தீர்ந்த இத்தலத்தில், நாம் மீனைப் பற்றிப் பேச முற்படுகிறோம். உணவுக்குரிய மீன் அன்று; கண்ணாடித் தொட்டியில் விட்டு அழகு பார்க்கும் வண்ண மீன். சென்னைக் கொளத்தூரில் எத்தனையோ குடும்பங்கள் சிமெண்டுத் தொட்டி கட்டி இம்மீன்களை வளர்த்துப் பிழைக்கின்றன. 2020இல் தொடங்கிய பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்திலும் இத்தொழிலுக்கு இடமுண்டு. நம் மகளிர் குழுக்கள் இதனை நாடுவது இயல்பே. ஆனால் கடன் வாங்கித் தொட்டி கட்டிக் குஞ்சு விட்டு, ஒரு வாரத்துக்குள் அத்தனையும் செத்து மிதந்தால், மீன் போய்விடும், கடன் நிற்கும். குற்றம் பெரும்பாலும் மீனினுடையதன்று, நீரினுடையது.

தெளிந்த நீரெல்லாம் நல்ல நீர் என்று எண்ணுகிறோம். பக்கத்து நெய்வேலியில், பழுப்பு நிலக்கரிக்கு அடியில் அழுத்தத்தோடு நிற்கும் நீரை ஓயாது இறைத்தால்தான் சுரங்க வேலை நடக்கும் என்பது நீங்கள் அறிந்ததே. அத்தகைய ஆழத்து நீர் வெளிக்காற்றைக் கண்டதில்லை. ஆழ்குழாய்க் கிணற்று நீரில் பிராணவாயு குறைந்தும் கரியமிலவாயு மிகுந்தும் இருப்பதுண்டு. அதனை உயரத்திலிருந்து சிதறி விழச் செய்து, ஒரு நாளேனும் வைத்திருந்து பயன்படுத்த வேண்டும். குழாய் நீரிலுள்ள குளோரின் மீனின் செவுளை எரித்துவிடும். அதுவும் திறந்த தொட்டியில் ஒரு நாள் நின்றால் பெரும்பாலும் அகலும்.

புதுச் சிமெண்டுத் தொட்டி வேறொரு தொல்லை. அதிலிருந்து சுண்ணாம்புச் சத்து கரைந்து நீரின் காரத்தன்மை ஏறும். காரத்தை அளக்கும் எண்ணில் 7 என்பது நடுநிலை. 7 முதல் 8 வரை இருப்பின் கப்பி, மோலி போன்ற மீன்களுக்கு ஏற்றது. புதுத் தொட்டியிலோ 9க்கு மேலும் போகும். பல முறை நீர் நிரப்பி, சில நாள் ஊறவைத்து, கொட்டிவிட்டு, எண் இறங்கும் வரை பொறுத்திருத்தல் வேண்டும்.

இனி, கண்ணுக்குப் புலப்படாத எதிரியாகிய அம்மோனியாவுக்கு வருவோம். மீனின் கழிவும் மிஞ்சிய தீனியும் அம்மோனியாவாகின்றன. எருக்குழியை அறிந்த விவசாயிக்கு இது புதிதன்று. வயலில் அம்மோனியாவை நைட்ரேட்டாக மாற்றும் நுண்ணுயிர்களே தொட்டியிலும் அவ்வேலையைச் செய்கின்றன. இடையில் தோன்றும் நைட்ரைட்டும் நஞ்சுதான். அது மீனின் இரத்தத்தைப் பழுப்பாக்கி மூச்சுத் திணறச் செய்யும். இந்நுண்ணுயிர்கள் புதுத் தொட்டியில் பெருகி நிலைபெற நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதற்குள் நூறு குஞ்சுகளை விடுவது, மண் பதப்படாத நிலத்தில் நாற்று நடுவதற்கு ஒப்பாகும். பழைய தொட்டியின் வடிகட்டிப் பஞ்சைச் சிறிது கொணர்ந்து இட்டால், உறைமோர் விட்டதுபோல் வேலை விரைவுபடும். நோயற்ற தொட்டியினதாக அது இருத்தல் வேண்டும்.

காரத்தன்மைக்கும் அம்மோனியாவுக்கும் உறவுண்டு. நம் வெப்பத்தில் எண் 7 ஆனால், அம்மோனியாவில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவே கடும் நஞ்சாக நிற்கும். 9 ஆனால் ஏறத்தாழ நாற்பது பங்கு நஞ்சாகிவிடும். ஆகவே ஒன்றைச் சோதித்து மற்றொன்றை விடுவதில் பயனில்லை.

சோதனை கடினமானதன்று. சொட்டு மருந்துகள் கொண்ட சோதனைப் பெட்டி வண்ண மீன் கடைகளில் கிடைக்கும். குழாயில் நீர் எடுத்து, மருந்து விட்டு, தோன்றும் நிறத்தை அட்டையோடு ஒப்பிட்டால் போதும். எழுத்தறியாத பாட்டியும் நிறத்தைப் பார்த்துச் சொல்லிவிடுவார். அம்மோனியாவும் நைட்ரைட்டும் இல்லையென்று காட்டிய பின்னரே மீன் வாங்கப் புறப்படலாம். வீட்டுக்கொரு பெட்டி வாங்க இயலாவிடின், பஞ்சாயத்தே ஒன்றை வாங்கிக் குழுக்களுக்கு முறைவைத்துக் கொடுப்பது நன்று. மருந்து கெடும் தேதியைப் பார்த்து வாங்குக. விருத்தாசலம் வேளாண் அறிவியல் நிலையத்தாரிடமும் மீன்வளத் துறையினரிடமும் ஐயம் கேட்கலாம்.

மீன் வந்ததும், பையைத் திறவாமல் கால் மணி நேரம் தொட்டி நீரில் மிதக்கவிடுங்கள். பின்பு தொட்டி நீரைச் சிறிது சிறிதாகப் பைக்குள் சேர்த்து, மீனை மட்டும் வலையால் எடுத்து விடுங்கள். பை நீரைத் தென்னை மரத்தடியில் ஊற்றிவிடலாம். முதல் மாதம் குறைந்த மீன், குறைந்த தீனி; ஒரு நாள் விட்டு ஒரு நாள் சோதனை. நிறம் ஏறக் கண்டால் தீனியை நிறுத்தி, மூன்றிலொரு பங்கு நீரை மாற்றுக.