மாத்திரை ஏன் நின்றுபோகிறது?

சர்க்கரை நோய்க்கு மருந்து தொடங்கிய பலர் சில மாதங்களில் அதை நிறுத்திவிடுகிறார்கள்; இல்லையென்றால் விட்டுவிட்டுச் சாப்பிடுகிறார்கள். அலட்சியம் என்று நாம் சொல்லிவிடுகிறோம். ஆனால் அதே மனிதர் காய்ச்சல் வந்தால் மணி பார்த்து மாத்திரை போட்டுக்கொள்கிறார். காய்ச்சல் மாத்திரை சற்று நேரத்தில் உடம்பில் தன் வேலையைக் காட்டிவிடும். சர்க்கரை மாத்திரையை விட்டாலும் பெரும்பாலும் அன்றைக்கு ஒன்றும் தெரியாது. கண்ணிலும் சிறுநீரகத்திலும் கால் நரம்பிலும் சேதம் ஆண்டுக்கணக்கில் சத்தமில்லாமல் நடக்கும். வளர்ந்த நாடுகளிலேயே நீண்டகால நோயாளிகளில் பாதிப்பேர்தான் சொன்னபடி மருந்து எடுக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2003-இல் தெரிவித்தது. பாதிப்பேர் தவறுகிற ஒரு காரியத்தில் ஒவ்வொருவர் குணத்தையும் குறை சொல்லிப் பயனில்லை. குறுக்கே எது நிற்கிறது என்றுதான் பார்க்க வேண்டும்.

பார்த்தால், நிற்பவை சாதாரண விஷயங்கள். மெட்பார்மின் தொடங்கிய புதிதில் சிலருக்கு வயிறு கலங்கும்; சாப்பாட்டோடு எடுத்தால் இந்தத் தொல்லை குறையும், மெதுவாகக் கரையும் வகையும் உண்டு. அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் மாத்திரையையே விட்டுவிடுகிறார்கள். கிளிமிபிரைடு போன்ற மாத்திரையைப் போட்டுக்கொண்டு வேளைக்குச் சாப்பிட முடியாமல் போனால் சர்க்கரை இறங்கி, வியர்த்து, கை நடுங்கும். சாப்பாட்டு நேரம் தன் கையில் இல்லாத கூலித் தொழிலாளி அதற்குப் பயந்து நிறுத்துவது அவர் நிலையில் நியாயமான முடிவு. அவருக்கு வேண்டியது மருந்திலோ அளவிலோ ஒரு மாற்றம். மாத்திரையே கிட்னியைக் கெடுத்துவிடும் என்ற பயமும் ஊரெங்கும் இருக்கிறது. சிறுநீரகம் ஏற்கெனவே பழுதுபட்டவருக்குச் சில மருந்துகளைக் குறைக்கவோ மாற்றவோ வேண்டியிருக்கும், அது உண்மை. ஆனால் சிறுநீரகத்தைப் பழுதாக்குவது பல ஆண்டு கட்டுக்கடங்காத சர்க்கரைதான். இவற்றையெல்லாம் நோயாளி ஏன் மருத்துவரிடம் சொல்வதில்லை? திட்டு விழும் என்ற பயம். பரிசோதனைக்கு இரண்டு நாள் முன்பு மட்டும் பத்தியம் இருந்து நல்ல எண்ணைக் காட்டுவதும் அந்தப் பயத்தால்தான். மூன்று மாதச் சராசரியைச் சொல்லும் எச்பிஏ1சி பரிசோதனை அதைக் காட்டிக்கொடுத்துவிடும் என்பது வேறு விஷயம்.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் இந்தத் தடைகளில் ஒன்றை நேராகவே தொட்டது. மருத்துவமனைக்குப் போக ஒரு நாள் கூலியை இழக்க வேண்டியவருக்குச் சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. கைக்கு வந்த மாத்திரை வாய்க்குப் போகும் என்று என்ன உறுதி என்று கேட்கலாம். உறுதி இல்லைதான். அங்கேதான் வீட்டார் வேண்டும். “மாத்திரை போட்டியா?” என்ற விசாரணைக்கு “போட்டாச்சு” என்ற பதில்தான் வரும். “இந்த வாரம் எத்தனை நாள் விட்டுப்போச்சு, எதனால?” என்று கேட்டால் காரணம் வெளியே வரும். அப்படியானால் நோயாளிக்குப் பொறுப்பே இல்லையா? நிச்சயம் உண்டு. முடியாத ஏற்பாட்டைக் கொடுத்துவிட்டுப் பொறுப்பைக் கேட்பதுதான் தவறு. இவ்வளவு பாடுபடுவது வீணும் அல்ல. பிரிட்டனில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோரைச் சேர்த்து நடந்த ஆய்வின் முடிவு 1998-இல் வந்தது. சர்க்கரையை இறுக்கிக் கட்டுப்படுத்தியவர்களுக்குக் கண், சிறுநீரகம் போன்ற சிறு ரத்தநாளக் கோளாறுகள் கால் பங்கு குறைந்தன. எச்பிஏ1சி அளவில் இருந்த வித்தியாசமோ ஏறத்தாழ ஒரு புள்ளிதான்.

மருந்தை நிறுத்திவிட்டு இதைக் கேட்டுக்கொண்டிருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். விட்ட நாளுக்கும் சேர்த்து இரண்டாகப் போட்டுக்கொள்ள வேண்டாம். மீதி மாத்திரை அட்டையை அப்படியே எடுத்துக்கொண்டு இந்த வாரமே மருத்துவரிடம் போங்கள். எத்தனை நாளாக நிறுத்தினீர்கள், எதனால் நிறுத்தினீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள்.